பி.எம்.டி. ஃபைலை அப்படியே அனுப்பாதீங்க!

ஆடி முடிஞ்சா ஆரணியில ரெண்டு இடத்துல கூட்டம் நிற்கும். ஒண்ணு பட்டுக்கடை, இன்னொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். பத்திரிகை அச்சாகி வர நாலு நாள் ஆகும். ஆனா சொந்தக்காரங்களுக்கு இன்னைக்கே வாட்ஸ்அப்ல போகணும். உடனே வீட்டுல உங்களைத்தான் கூப்பிடுவாங்க: "நீ இன்ஜினியரிங் தானே, இதைப் போட்டோவா மாத்திக் குடு." மெக்கானிக்கல்னு சொன்னாலும் விடமாட்டாங்க.

பிரஸ்ல குடுக்கிறது பெரும்பாலும் பேஜ்மேக்கர் ஃபைல், அதாவது பி.எம்.டி. கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல. அதுக்கப்புறம் அடோபி இன்டிசைன் பக்கம் போயிடுச்சு. நம்ம பிரஸ்காரங்க போகலை. அதுக்கு ஒரு நியாயமும் இருக்கு: அவங்க கையில இருக்கிற தமிழ் ஃபாண்ட் எல்லாம் யூனிகோடுக்கு முந்தினது.

பி.எம்.டி. ஒரு படம் இல்ல. எந்த எழுத்து, எந்த இடத்துல, எந்த ஃபாண்ட்ல, எவ்வளவு பெருசுன்னு சொல்ற குறிப்பு மட்டும்தான். ஃபாண்ட் அதுக்குள்ள கிடையாது. பாமினி ஃபாண்ட்ல 'தமிழ்'னு அடிச்சா, கம்ப்யூட்டருக்குத் தெரியறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி இல்லாத லேப்டாப்ல திறந்தா அந்த ஆங்கில எழுத்துதான் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999ல தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டு குறியீட்டு முறையை அறிவிச்சது. 2010ல யூனிகோடை ஏத்துக்கிட்டது. பழைய ஃபைல்கள் மட்டும் பழைய மாதிரியே கிடக்குது.

அதனால மாத்தற வேலையை ஃபாண்ட் இருக்கிற பிரஸ் கம்ப்யூட்டர்லயே செய்யணும். முதல்ல பி.டி.எஃப். பேஜ்மேக்கர்ல எக்ஸ்போர்ட் வழி இருக்கு, அதுக்கு டிஸ்டிலர் வேணும். இல்லைன்னா பிரிண்ட் கொடுத்து, பி.டி.எஃப். பிரிண்டரைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் அக்ரோபேட் ரீடர்ல ப்ராப்பர்டீஸ் போய், ஃபாண்ட்ஸ் பகுதியில ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல 'எம்பெடட்'னு இருக்கான்னு பாருங்க. இருந்தா ஃபாண்ட் உள்ளேயே வந்துடுச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். லிப்ரே ஆபீஸ் டிராவும் 4.4 பதிப்புல இருந்து பி.எம்.டி.யைத் திறக்கும், ஆனா ஃபாண்ட் இருக்கணும், வரிகளும் கொஞ்சம் நகரலாம். அவசரத்துக்குத்தான் அது.

பி.டி.எஃப்.பைப் படமா மாத்தும்போது ரெசல்யூஷன் கேட்கும். இது என்னன்னு புரிய தறிக்கூடத்துக்கு வாங்க. புடவை பார்டர்ல வர்ற அன்னத்தை முதல்ல கிராஃப் தாள்ல கட்டம் கட்டமாப் போடுவாங்க. அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில ஓட்டை போடுவாங்க. கட்டம் கம்மியா இருந்தா அன்னத்தோட கழுத்து படிக்கட்டு மாதிரி ஆயிடும். பிக்சலும் அதே கட்டம்தான்.

7 × 9 அங்குலப் பத்திரிகையை 72 டி.பி.ஐ.ல மாத்தினா 504 × 648 பிக்சல். 300ல மாத்தினா 2100 × 2700. பத்து பாயிண்ட் எழுத்துல புள்ளி சுமாரா ஒரு பாயிண்ட் அகலம்னு வச்சுக்கோங்க. ஒரு பாயிண்ட்ங்கிறது அங்குலத்துல 72ல ஒரு பங்கு. அப்போ 72 டி.பி.ஐ.ல அந்தப் புள்ளிக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு பிக்சல், 300ல நாலு. ஆங்கிலத்துல 'ஐ' மேல புள்ளி போனாலும் படிச்சிடலாம். தமிழ்ல 'பட்டு' 'படடு' ஆயிடும், முகூர்த்த நேரம் 7.30 வெறும் 730 ஆயிடும். 300 வைங்க.

அடுத்து, ஜேபெக்கா பி.என்.ஜி.யா? ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாப் பிரிச்சு, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைக் குறைக்கும். மாப்பிள்ளை முகத்துக்கு அது போதும். எழுத்தோட ஓரம் கூர்மையானது, அதைச் சுத்தி அழுக்குப் படிஞ்ச மாதிரி ஆயிடும். எழுத்து நிறைஞ்ச பக்கத்துக்கு பி.என்.ஜி.தான்.

நிறத்தையும் பாருங்க. அச்சுக்குப் போற ஃபைல் நாலு மை கணக்குல, சி.எம்.ஒய்.கே.ல இருக்கும். ஃபோனுக்கு ஆர்.ஜி.பி. வேணும். மாத்தாம அனுப்பினா சில இடத்துல நிறம் தாறுமாறாத் தெரியும். பத்திரிகைன்னா சமாளிச்சிடலாம். புடவை கேட்லாக்னா முடியாது: அரக்குன்னு படத்துல பார்த்து வாங்கினவங்க கைக்குக் கத்தரிப்பூ கலர் வந்து சேர்ந்தா, புடவை திரும்பி வரும். அந்த நஷ்டம் கடைசியில நெய்தவர் தலையிலயும் விழலாம்.

இவ்வளவும் செஞ்சுட்டு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது மறுபடி சுருக்கிடும். 'டாக்குமெண்ட்'னு அனுப்புங்க. அப்படியே பிரஸ் அண்ணன்கிட்ட அந்த பி.டி.எஃப்.பையும் பென் டிரைவ்ல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. தங்கச்சி கல்யாணத்துக்கும் அதே டிசைன்தான் கேட்பாங்க.