கறுப்புக்குக் கீழே என்ன உலோகம்?

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் சாச்சா லீவில் வந்திருந்தார். வளைகுடா நாடொன்றில், கடலோரமாக அமைந்துள்ள பரசூட் பாய்ச்சல் நிலையமொன்றில் அவர் பரசூட் மடிக்கும் வேலை செய்கிறார். ஊரில் யாராவது கேட்டால் வாப்பா "கொம்பனி வேலை" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். விளக்கினாலும் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். நம்பிவிட்டால் உம்மம்மாவின் காதுக்குப் போய்ச் சேரும் என்பது மற்றைய காரணம். உண்மையில் சாச்சா விமானத்திலிருந்து பாய்வதே இல்லை. பாய்பவர்கள் இறங்கி வந்ததும், அவர்களின் பரசூட்டை அடுத்த பாய்ச்சலுக்காக மடித்து வைப்பதுதான் அவர் தொழில்.

ஒருநாள் பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சாச்சா தன் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். அவருக்குப் பழக்கமான பாய்பவர் ஒருவர் புதிய பரசூட் பைக்குச் சொல்லிவைக்கப் போகிறாராம். பையில் வரும் வளையங்களும் பக்கிள்களும் வெள்ளி நிறத்திலும் எடுக்கலாம், கறுப்பிலும் எடுக்கலாம். எது நல்லது?

"கறுப்பு" என்று நானும் தங்கச்சியும் ஒரே குரலில் சொன்னோம்.

சாச்சா சிரித்தார். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க மகள். ஆனா ஒருத்தரும் கறுப்புக்குக் கீழ என்ன இரிக்கிண்டு கேக்கிறல்ல."

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய், நான் உயர்தர இரசாயனவியல் புத்தகத்தை விடுமுறையிலேயே திறக்க வேண்டியதாயிற்று.

முதலில் அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு நம் பாடசாலைப் பையைப் போலத்தான் முதுகில் கிடக்கும். உள்ளே இரண்டு பரசூட்டுகள் இருக்கின்றன. ஒன்று வழமையாக விரிப்பது. அது பிழைத்தால் விரிப்பதற்கு மற்றொன்று. தோள், நெஞ்சு, தொடை ஆகிய இடங்களைச் சுற்றிவரும் தடித்த நைலோன் பட்டிகளுக்கு ஹார்னஸ் என்று பெயர். நைலோன் பட்டிகளை ஒன்றோடொன்று தைக்கலாம். ஆனால் இறுக்கவும் தளர்த்தவும், தேவைப்பட்டபோது கழற்றிவிடவும் உலோகம் வேண்டும். தொடைப் பட்டியை இறுக்கும் பக்கிள், நெஞ்சுப் பட்டியின் பக்கிள், இடுப்பு வளையங்கள், இவையெல்லாவற்றுக்கும் மேலாகத் தோளருகே வரும் மூன்று வளையங்கள்.

அந்த மூன்று வளையங்களை நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களில் இதைக் கண்டுபிடித்தார். பெரிய வளையமொன்று ஹார்னஸில் தைக்கப்பட்டிருக்கும். பரசூட்டிலிருந்து கீழிறங்கி வரும் பட்டிக்கு ரைசர் என்று பெயர்; அதில் நடுத்தர வளையமொன்றும் சிறிய வளையமொன்றும் இருக்கும். நடுத்தர வளையம் பெரியதற்குள் நுழைந்து மடியும். சிறியது நடுத்தரத்துக்குள் நுழைந்து மடியும். கடைசியில் ஒரு சின்ன நூல் தடமும் அதற்குள் ஓடும் கம்பியும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். பௌதிகவியலில் நெம்புகோல் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல். ஒரு மனிதனைத் தாங்கும் சுமை மூன்று படிகளில் குறைந்து குறைந்து, ஒரு நூல் தடம் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது. பரசூட் சிக்கிக்கொண்டால் பாய்பவர் நெஞ்சருகே உள்ள பிடியை இழுப்பார். கம்பி வெளியே வரும், வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று புரண்டு கழன்றுவிடும், பழுதான பரசூட் பறந்து போய்விடும். பிறகு இரண்டாவதை விரிக்கலாம்.

ஆகவே இந்த வளையங்கள் இரண்டு எதிர்மாறான வேலைகளைச் செய்ய வேண்டும். கழற்றச் சொல்லாதவரை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. கழற்றச் சொன்னால் ஒரு கணமும் தாமதிக்கக்கூடாது. பாய்பவர் மணிக்கு 190 கிலோமீற்றர் அளவான வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது பரசூட் விரிகிறது. அந்த ஒருசில வினாடிகளில் அவருடைய எடையின் மூன்று, நான்கு மடங்கு சுமை இந்த உலோகத்தில் வந்து இறங்கும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பழைய வழக்கப்படி இந்தச் சாமான்கள் காபன் உருக்கில் செய்யப்பட்டு, மேலே கட்மியம் முலாம் இடப்படும். முலாம் மென்மையானது; பக்கிளில் உள்ள சொரசொரப்பின் கூர்மையைச் சற்று மழுங்கச் செய்து பட்டி தேயாமல் காக்கிறது. கடற்காற்றிலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அந்த முலாம் தேய்ந்து போன இடத்தில், கீழே இருப்பது வெறும் உருக்கு. அது துருப்பிடிக்கும். கட்மியம் நஞ்சு என்பதும் உண்மை. ஜப்பானின் தொயாமா பிரதேசத்தில் சுரங்கமொன்றிலிருந்து ஆற்றில் கலந்த கட்மியம் நெல் வயல்களுக்குப் பரவி, மக்களின் சிறுநீரகங்களையும் எலும்புகளையும் பாதித்தது. 1968இல் அந்நாட்டு அரசாங்கம் அதனை நோயாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது வகை கறையில் உருக்கு. நாம் வீட்டில் சில்வர் என்று சொல்லும் அதே குடும்பம். இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படையொன்றை உண்டாக்குகிறது. கீறினால் அந்த இடத்தில் படை மீண்டும் தானாகவே உருவாகும். கடலுப்பு இதையும் புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடும். அதனால் கடற்கரையில் இறங்கியவர்களின் பக்கிள்களை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வதாகச் சாச்சா கூறினார். இதிலும் ஒரு குறை உண்டு. மினுக்கிய கறையில் உருக்கு வழுவழுப்பானது. தொடைப் பட்டி அதில் மெல்ல மெல்ல வழுகித் தளர்ந்துவிடலாம். சொரசொரப்பைக் கூட்டினால் பட்டி தேயும். பிடியா, தேய்மானமா என்பதில் செய்பவர்கள் ஒரு நடுவழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கறுப்பு என்பது மூன்றாவது வகை உலோகம் அல்ல. இதுதான் நான் புரிந்துகொள்ள நெடுநேரம் எடுத்த விடயம். மேற்சொன்ன உருக்குகளில் ஏதோ ஒன்றின் மேல் போர்த்திய தோல்தான் அது.

அந்தத் தோலை உண்டாக்குவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. காபன் உருக்கைச் சோடியம் ஐதரொட்சைட்டும் நைத்திரேற்றும் சேர்ந்த, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் கொதிநிலையில் உள்ள கரைசலில் அமிழ்த்தினால், மேற்பரப்பிலுள்ள இரும்பே கரிய ஒட்சைட்டாக மாறும். காந்தக் கல்லில் உள்ளதும் இதே சேர்வைதான். வாப்பாவின் ஹாட்வெயார் கடையிலுள்ள கறுப்பு ட்ரில் பிட்டுகளில் பல இப்படிக் கறுத்தவை. இதன் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றர் அளவில்தான் இருக்கும். நம் தலைமுடியொன்றின் தடிப்போ சுமார் 70 மைக்ரோமீற்றர். இத்தனை மெல்லிய தோல் தனியாகத் துருவைத் தடுக்காது. அதன் மேல் எண்ணெய் பூச வேண்டும். உம்மம்மாவின் தாச்சியும் கறுப்புத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது பெரும்பாலும் எண்ணெய் சூட்டில் காய்ந்து இறுகிய கறுப்பு. கதை வேறு.

கறையில் உருக்கைக் கறுப்பாக்குவது இதைவிடக் கடினம். அதன் பாதுகாப்புப் படையை முதலில் தாண்ட வேண்டும். அதற்கென வேறு கரைசல்களும் முறைகளும் உண்டு. பட்டி உரசும் ஓரங்களில் கறுப்பு காலப்போக்கில் தேய்ந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். பார்க்க அழகில்லை. ஆனால் எட்டிப் பார்ப்பது கறையில் உருக்கு என்றால் பயமில்லை.

மூன்றாவது வழி மின்முலாமிடல். மோட்டார் சைக்கிள் சாமான்களில் பளபளக்கும் கறுப்பு பல வேளைகளில் இப்படி வருவது. சாச்சாவின் கதை இங்கேதான் வருகிறது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் பாய்பவர் ஒருவர், தன் பையிலுள்ள எல்லாமே கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பழைய வளையங்கள் சிலவற்றை வாங்கி, நகரத்திலுள்ள ஒரு முலாம் கடையில் கறுப்பாக்கி, அவற்றை வைத்துப் புதிய ரைசர் தைப்பித்துக்கொண்டு வந்தார். சாச்சா மடிக்க எடுத்தபோது வளையத்தின் உள்விளிம்பில் கறுப்பு கொஞ்சம் தடித்துத் திரண்டிருப்பது விரலில் தட்டுப்பட்டது. கேட்டதும் அவர் பெருமையாகச் சொன்னார். சாச்சா திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "முலாமிட்ட பிறகு சூளையில வச்சாங்களா?" அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

சாச்சா மடிக்க மாட்டேன் என்றார். ஒரு மடிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவர், பணம் கொடுத்துப் பாய வருபவரிடம் அப்படிச் சொல்வது லேசான காரியமல்ல. அவர் மனேஜரிடம் முறையிட்டார். அன்றிரவு தன் விசாவைப் பற்றி யோசித்துக்கொண்டு படுத்ததாகச் சாச்சா சொன்னபோதுதான், வாப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

சூளை எதற்கு? சாதாரண தரத்தில் நாம் எல்லோரும் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. ஐதான அமிலத்தில் உலோகத் துண்டைப் போட்டு, வெளிவரும் வாயுவுக்கு எரியும் குச்சியைக் காட்டினால் 'பொப்' என்று சத்தம் வரும். அதுதான் ஐதரசன். முலாமிடுவதற்கு முன் உருக்கை அமிலத்தில் கழுவுவார்கள். முலாமிடும்போதும் ஐதரசன் உண்டாகும். எல்லா ஐதரசனும் குமிழாக மேலே போய்விடுவதில்லை. மிகச் சிறிய அணுவாகையால் ஒரு பகுதி உருக்குக்குள் புகுந்துகொள்கிறது. மென்மையான இரும்புக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் இந்த வளையங்களைப் போலப் பலமேற்றிக் கடினமாக்கிய உருக்கு இதனால் நொறுங்கும் தன்மை பெறுகிறது. இதனை இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜோன்சன் என்பவர் 1875ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். பரிகாரமும் தெரிந்ததுதான்: முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் ஐதரசன் வெளியேறிவிடும். மோட்டார் சைக்கிள் அலங்காரச் சாமானுக்கு இந்த மினக்கேடு தேவைப்படாது. அதனால் அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதில் பயங்கரம் என்னவென்றால் முறிவு உடனே நிகழ்வதில்லை. சுமை ஏறிய பின் மணித்தியாலங்களோ நாட்களோ கழித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறியும். 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் புதிய பாலத்தில், நாகம் பூசிய தடித்த உருக்குக் கம்பிகள் 96ஐ இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் 32 முறிந்துவிட்டன. காரணம் ஐதரசன் என்று ஆய்வில் தெரிந்தது. அத்தனை பொறியியலாளர்கள் இருந்த இடத்திலேயே அது நடந்தது.

சாச்சாவின் கதை அப்படி முடியவில்லை. மனேஜர் ரிக்கரை அழைத்தார். பரசூட்டுகளைச் சோதிக்கவும் திருத்தவும் அனுமதிப்பத்திரம் பெற்றவர் ரிக்கர். அமெரிக்கச் சட்டப்படி 180 நாட்களுக்கு ஒருமுறை இரண்டாவது பரசூட்டைத் திறந்து மீண்டும் மடிப்பதும் அப்படியான ஒருவர்தான். அவர் வளையங்களை ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, ரைசர் இரண்டையும் கழற்றித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பாய்பவருக்கு வேறு ரைசர் இரவலாகக் கிடைத்தது. அந்த வளையங்கள் உண்மையில் முறிந்திருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. முறிந்திருந்தாலும் இரண்டாவது பரசூட் காப்பாற்றியிருக்கலாம். "இரிக்கலாம்" என்று சாச்சா அந்தச் சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அப்படியானால் கறுப்பு வேண்டாமா என்றேன். எடுக்கலாம் என்றார். கறையில் உருக்கில், செய்யும் தொழிற்சாலையே கறுப்பாக்கித் தருவதை எடுக்கலாம். ஆனால் கறுப்புப் பட்டியில் கறுப்பு வளையம் இருந்தால், பாய்வதற்கு முன் ஒருவரையொருவர் சோதிக்கும்போது கண் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். வளையம் சரியாக மடிந்திருக்கிறதா, நெஞ்சுப் பட்டி பக்கிளுக்குள் சரியாகக் கோத்திருக்கிறதா என்பது வெள்ளி நிறத்தில் ஒரு பார்வையில் தெரியும். மெல்லிய வெடிப்பும் அப்படித்தான். காலை வெளிச்சம் குறைந்த முதல் பாய்ச்சல்களில் தான் கறுப்பு வளையங்களை விரலால் தடவிப் பார்ப்பதாகச் சொன்னார்.

தங்கச்சி இன்னும் கறுப்புத்தான் என்கிறாள். அந்தப் பாய்பவர் பக்கிள்களைக் கறுப்பிலும் மூன்று வளையங்களை வெள்ளி நிறத்திலும் கேட்டு அனுப்பியிருப்பதாகச் சாச்சா பிறகு வட்ஸ்அப்பில் சொன்னார்.

வாப்பா அன்று வேறொன்றும் பேசவில்லை. அடுத்த நாள் நான் கடைக்குச் சோறு கொண்டு போனபோது, ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ ஆணிப் பெட்டியைக் கூரைச் சாமான் தட்டிலிருந்து எடுத்து வேறு தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவை கடினமாக்கிய உருக்கு. பாரம் வந்தால் வளையாமல் படக்கென்று முறியும் என்று பாஸ்மார் பல தடவை முறைப்பட்டிருக்கிறார்களாம். பெட்டியின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதச் சொல்லி என்னிடம் தந்தார். "ஊஞ்சலுக்கும் கூரைக்கும் பாவிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன்.