தகவல் துளி: சிங்கம்பட்டி அரண்மனை

மணிமுத்தாறு அணைக்குப் போகிறவர்கள் பலரும் பக்கத்துச் சிங்கம்பட்டி அரண்மனையைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் கதை தொடங்குவதே அங்கேதான்.

வெள்ளைக்காரர் காலத்தில் பட்டத்துக்கு வரவேண்டிய ஜமீன் பிள்ளைகளைச் சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பங்களாவில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். 1919 அக்டோபரில் ஒரு நள்ளிரவு. அதன் முதல்வர் டி லா ஹே தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன்களின் இளவல்கள் வழக்கில் சிக்க, விசாரணை பம்பாய்க்குப் போனது. வழக்குச் செலவில் சிங்கம்பட்டி கடனாளி ஆனது என்பது வட்டாரப் பேச்சு.

1929-இல் ஜமீனுக்குச் சொந்தமான காட்டில் சுமார் 8,374 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கைமாறியது. எடுத்தது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குளிர்காற்று வீசும் எஸ்டேட்டுகள் அப்படித்தான் உருவாயின.

ஜமீன் ஒழிப்போடு அதிகாரம் போனது, மரியாதை போகவில்லை! காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசை தோறும் ராஜ உடையில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்துவந்தார் முருகதாஸ் தீர்த்தபதி. பட்டம் சூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தாரான அவர் 2020-இல் காலமானார்.

குத்தகைக்கு 2028 வரை காலம் இருந்தும், 2024-லேயே கம்பெனி வேலையை நிறுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்தது.