பிள்ளை தேறிவிட்டது, தாய்?

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை வாரக்கணக்கில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, நிறை கூடி வீட்டுக்கு வந்ததும் உறவுகள் கண்டம் தப்பிவிட்டது என்று ஆறுதலடைகின்றன. வடக்கில் நான் பேசிய தாய்மார் சிலருக்கோ சிரமம் அன்றுதான் தொடங்கியிருந்தது.

வைத்தியசாலையில் பிள்ளையின் இதயத்துடிப்பையும் ஒட்சிசன் அளவையும் இயந்திரம் காட்டியது. தாதியர் பக்கத்தில் இருந்தார்கள். வீட்டில் அந்தக் காவல் முழுவதும் தாயின் தலையில். மூச்சு வருகிறதா என்று இரவிரவாகப் பார்க்கிறாள். பிள்ளை உறங்கினாலும் அவளுக்கு நித்திரை இல்லை.

பிரசவித்த சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கவலை நீடித்தால், எதிலும் விருப்பமில்லாமல் போனால், பிள்ளையோடு ஒட்டமுடியாமல் இருந்தால், எல்லாம் தன் பிழை என்று தோன்றினால், அது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 வீதமானோருக்கு உளநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளை அதிதீவிர சிகிச்சையில் இருந்த தாய்மாருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"நாங்கள் பங்கருக்குள்ள வச்சுப் பிள்ளை வளர்க்கேல்லையே?" என்ற கேள்வி எங்கள் ஊர்களில் இவர்களின் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் இன்று தாயாகும் பலர் 2009இல் சிறுமிகள். பத்தியக்கறி வைத்துத் தரவும், பிள்ளையை வாங்கிக்கொண்டு "நீ கொஞ்சம் படு" என்று சொல்லவும் வேண்டிய அம்மாவை யுத்தத்தில் இழந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

பிரசவத்தின் பின் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாக்கொத்து இருக்கிறது. கடந்த 7 நாட்களின் மனநிலையை அது கேட்கிறது. பிள்ளையோடு வைத்தியசாலையில் இருந்ததால் அந்த வருகை தவறியிருந்தால், நீங்களே கேட்டு நிரப்புங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இல்லாமல் பதில் சொல்லுங்கள். புள்ளி கூடினால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. வைத்தியர் பார்க்கவேண்டும் என்பதே அர்த்தம். உளவளத்துணையால் பலர் தேறுகிறார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தன்னையோ பிள்ளையையோ என்னவாவது செய்துவிடுவேன் என்று ஒரு தாய் சொன்னால், காதில் குரல்கள் கேட்கிறது என்றால், தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நிறையைக் கேட்பதற்கு முதல் தாயிடம் ஒன்று கேளுங்கள்: "நீர் நித்திரை கொண்டனீரோ?" பதிலை இருந்து கேளுங்கள்.