மன்னிப்பும் புகார் மனுவும்



வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும் எங்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, நான் அவரை மன்னித்துவிட்டால் போலீசில் சொல்லக் கூடாதா?" கேட்பவர் பெரும்பாலும் ஒரு சகோதரியாக இருப்பார். கையில் மாவுக்கட்டு, முகத்தில் வீக்கம். குடித்துவிட்டு வந்த கணவர் அடித்திருப்பார். பெரியவர்களும் கேட்பதுண்டு. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கங்களில் ஓய்வூதியப் பணத்தைச் சீட்டிலும் வட்டிக்கும் போட்டு இழந்து, இரத்த அழுத்தம் ஏறி வந்து படுப்பவர்கள் குறைவல்ல. தவறான உபதேசத்தினால் இவர்களுக்குக் காயத்தின்மேல் காயம் படுவதைக் காண்கிறபடியால் இதைக் குறித்துச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் மன்னிப்பதைக் குறிக்கும் முக்கியமான சொல் 'அஃபியெமி'. விட்டுவிடுதல், போகவிடுதல் என்பது அதன் பொருள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு ஆண்டவருக்குப் பின்சென்றதை எழுதும்போது மத்தேயு இச்சொல்லையே வழங்குகிறார். பேதுருவின் மாமியை விட்டு ஜுரம் நீங்கிய இடத்திலும் இதே சொல்தான். மருத்துவமனையில் ஊழியம் செய்கிற எங்களுக்கு அந்த இடம் மிகவும் பிரியம். பழிவாங்கும் எண்ணமும் ஒரு ஜுரமே. அது தீங்கு செய்தவரை வாட்டுவதில்லை, சுமக்கிறவரையே வாட்டுகிறது. அது விடவேண்டும். ஆனால் ஜுரம் விட்டதினால் நோய் வந்ததே இல்லை என்று யாரும் சொல்லுவதில்லையே! பரமண்டல ஜெபத்தில் மத்தேயு 'கடன்' என்ற சொல்லை வைத்திருப்பதையும் கவனியுங்கள். கடனைத் தள்ளுபடி செய்கிறவர், கடன் இருந்தது என்பதை முதலாவது கணக்கில் காட்டியாக வேண்டும்.

நம் தேசத்தில் இதை வாழ்ந்து காட்டியவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார். அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளர் மத்தியில் ஊழியம் செய்தவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு மனோகர்பூர் கிராமத்தில் அவரும், மகன்களான பிலிப்பும் தீமோத்தேயுவும் தங்கள் வண்டிக்குள் படுத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் அந்த வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் கருகி மாண்டார்கள். பிலிப்புக்கு வயது பத்துதான். தீமோத்தேயு அவனிலும் சிறியவன். அம்மையாருக்கு மீந்தது எஸ்தர் என்ற மகள் ஒருத்தியே.

கொலைகாரர்கள்மேல் தமக்குக் கசப்பில்லை, மன்னித்துவிட்டோம் என்று அம்மையார் பகிரங்கமாகச் சொன்னதை உலகமே அறியும். ஆனால் அதோடு சேர்ந்த மறுபாதியை நாம் பிரசங்கங்களில் அவ்வளவாகச் சொல்லுவதில்லை. வழக்கை நிறுத்தும்படி அவர் கேட்கவில்லை. 2003இல் நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனையும் வேறு 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தபோது, மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்ற கருத்தையே தெரிவித்தார். மேல்முறையீட்டில் 2005இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அம்மையாரோ பாரிபடாவை விட்டு உடனே ஓடிவிடாமல், 2004இல் ஆஸ்திரேலியா திரும்பும்வரை தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

மன்னிப்பு எல்லாருக்கும் அத்தனை சீக்கிரத்தில் கைகூடுகிறதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏழை ஆதிவாசிகளுக்காக உழைத்த கேரளத்துக் கன்னியாஸ்திரீ ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை, அவரும் கன்னியாஸ்திரீயே, குற்றவாளி சமுந்தர் சிங்கைச் சிறையில் சந்தித்து ராக்கி கட்டியது 2002இல். நடுவே ஏழு வருஷம்! ஆகவே, அடிபட்டு வந்து இரண்டு நாள் ஆகாத ஒரு பெண்ணிடம் "மன்னித்துவிடு அம்மா" என்று அவசரப்படுத்துகிற பெரியவர்களை நாங்கள் வெளி வராந்தாவிலேயே நிறுத்திப் பேசுகிறோம். பெரும்பாலும் அவர்கள் மன்னிப்பைத் தேடி வருவதில்லை, சபையின் மானத்தைத் தேடியே வருகிறார்கள்.

வேதம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ரோமர் 12ஆம் அதிகாரத்தின் முடிவில் பழிவாங்குதலை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிற பவுல், 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை அதிகாரிகளுக்கு உரியதாகச் சொல்லுகிறார். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிபட்ட அவர், சிறைச்சாலைக்காரனுக்கு இரட்சிப்பின் வழியைச் சொன்னார். மறுநாள் அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோதோ, அவர்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். நமக்கு வரவேண்டிய கடனை நாம் விடலாம். அதே கையினால் நாளை அடிபடப்போகிற பிள்ளையின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரமில்லை.

எனவே அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுவே: "டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லம்மா." படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் அதுதான் ஏறும், பிறகு ஸ்டேஷனுக்குப் போனாலும் பிடிப்பிருக்காது. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டென்பதையும் சொல்லுகிறோம். பிறகு ஜெபிக்கிறோம். கணவருடைய மனந்திரும்புதலுக்காகவும்தான், அவள் விரும்பினால் மாத்திரம் அவர் பெயரைச் சொல்லி.

இங்கேதான் உங்கள் காணிக்கை வருகிறது, பிரியமானவர்களே. பில் கட்ட அடித்தவரையே எதிர்பார்த்துப் படுத்திருக்கிற பெண், மன்னிப்பதும் பயந்து அடங்குவதும் எது எதுவென்று அறியாத நிலையில் இருக்கிறாள். ஏழை நோயாளர் நிதியிலிருந்து அந்தப் பில் கட்டப்படும்போது, யாருக்கும் கடன்படாமல் நான்கு நாள் யோசிக்க அவளுக்கு ஒரு கட்டில் கிடைக்கிறது. கசப்போடு இருப்பவர்களுக்காகவும், இன்னும் வாய்திறக்கப் பயப்படுகிறவர்களுக்காகவும், வார்டில் இரவுப்பணி செய்யும் நர்ஸ் சகோதரிகளுக்காகவும் இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்