தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில்

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில், தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகருக்கு வடக்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், கரூர் செல்லும் சாலையில் உள்ள தாடிக்கொம்பு என்னும் ஊரில் அமைந்த ஒரு வைணவக் கோயில் ஆகும். ஊரை அடுத்துக் குடகனாறு ஓடுகின்றது. இக்கோயில் ஆழ்வார்களால் பாடப்பெற்ற திவ்விய தேசங்களுள் ஒன்றன்று. எனினும், தாயார் கல்யாண சௌந்தரவல்லியின் சன்னதிக்கு முன்னுள்ள மண்டபத்தின் தூண் சிற்பங்கள் காரணமாகத் தமிழகக் கலை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

அழகர்கோயில் தொடர்பு

மதுரையை அடுத்த அழகர்கோயிலின் உற்சவரும் சௌந்தரராஜர் என்ற பெயரையே உடையவர். மண்டூக முனிவரின் பொருட்டு அழகரே இங்கு வந்து எழுந்தருளினார் என்பது தாடிக்கொம்பின் தலவரலாறு. சித்திரை மாதத்தில் மதுரையில் அழகர் வைகையில் இறங்குவது போல, இங்கு அவர் குடகனாற்றில் இறங்குகின்றார். மதுரைப் பண்பாட்டின் எல்லை திண்டுக்கல் சமவெளி வரை பரவியிருந்ததை இவ்விழா காட்டுகின்றது.

வரலாறு

கோயில் விஜயநகரப் பேரரசர் அச்சுததேவராயர் (ஆட்சிக்காலம் 1529-1542) காலத்தில் கட்டப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. இதே காலப்பகுதியில்தான் மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி தொடங்கியது. 1565 இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ச்சியுற்ற பின்னர், மதுரை நாயக்கர்கள் பெயரளவில் மட்டும் பேரரசுக்குக் கட்டுப்பட்டு, நடைமுறையில் தனித்து ஆண்டனர். மதுரைக்கு வடக்கே பாதுகாப்பு அரணாக விளங்கிய திண்டுக்கல் மலைக்கோட்டையும் நாயக்கர் காலத்தில் எழுப்பப்பட்டதே.

ஒரு கோயில் முழுவதும் ஒரே அரசர் காலத்தில் எழுந்ததாகக் கொள்வது பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆளுயரத்தை விஞ்சிய உருவங்களைத் தூணின் முன்புறத்தில் நிறுத்தும் வழக்கம் விஜயநகரக் காலத்தில் வளர்ந்து, 17 ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் காலத்தில் உச்சம் பெற்றது. திருமலை நாயக்கர் (1623-1659) கட்டிய மதுரைப் புதுமண்டபம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தாடிக்கொம்பு மண்டபச் சிற்பங்களையும் இவ்வரிசையில் வைத்தே காண வேண்டும்.

தூண் சிற்பங்கள்

இவை தனியே செதுக்கிப் பின்னர்த் தூணில் பொருத்தப்பட்டவை அல்ல. தூணின் உடற்பகுதியும் அதன்முன் நிற்கும் உருவமும் ஒரே கருங்கல்லால் ஆனவை. கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கல்லை அகற்றி, உருவம் தூணிலிருந்து விலகி நிற்பது போன்ற தோற்றத்தைச் சிற்பிகள் உண்டாக்கினர். ஒரு விரல் உடைந்தாலும் அதை ஈடுசெய்ய வேறு கல் இல்லை என்பதை நினைத்தால் இவ்வேலையின் அருமை விளங்கும்.

உலகளந்த பெருமாள், வைகுண்டநாதர், இராமர், கார்த்தவீரியார்ச்சுனன், மன்மதன், இரதி முதலிய உருவங்கள் இங்கு உள்ளன. நரசிம்மர் கதை இரண்டு தூண்களில் சொல்லப்படுகின்றது. ஒன்றில் நரசிம்மரும் இரணியனும் போரிடுகின்றனர். மற்றொன்றில் இரணியன் மடியில் கிடத்தப்பட்டு வதைக்கப்படுகின்றான். முதல் தூணில் முடிவு தெரியாத சண்டையாகத் தோன்றுவது, அடுத்த தூணில் முடிந்து விடுகின்றது.

வைணவக் கோயிலான இதில் சிவனின் ஊர்த்துவ தாண்டவம், காளி, அகோர வீரபத்திரர் ஆகிய சைவ உருவங்களும் காணப்படுகின்றன. இதனைக் கண்டு வியப்போர் உண்டு. ஆனால் நாயக்கர் காலத்தில் இது விதிவிலக்கன்று. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலிலும் வீரபத்திரர் தூண் உள்ளது. கோயம்புத்தூரை அடுத்த பேரூர்ச் சிவன் கோயிலின் கனகசபையிலும் ஊர்த்துவ தாண்டவரும் காளியும் வீரபத்திரரும் இடம்பெறுகின்றனர். ஊர்கள் பலவற்றில் ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருவதால், சிற்பிகளிடையே பொதுவானதொரு உருவத் தொகுதி வழங்கியது எனக் கருதலாம்.

ஊர்த்துவ தாண்டவத்தின் கதை திருவாலங்காட்டோடு தொடர்புடையது. நடனப் போட்டியில் சிவனுக்கு இணையாக ஆடிய காளி, அவர் ஒரு காலைத் தலைக்குமேல் உயர்த்தியபோது நாணத்தால் அவ்வாறு ஆட இயலாது தோற்றாள் என்பர். இம்மண்டபத்தில் காலை உயர்த்திய உருவங்கள் இரண்டு உள்ளன: ஒன்று ஊர்த்துவ தாண்டவர், மற்றொன்று வானத்தை அளக்கும் திருமால். ஒற்றைக்காலில் நிற்கும் பேருருவைக் கல்லில் சரியாமல் நிறுத்துவது கடினம். பின்னுள்ள தூண் உருவத்தைத் தாங்கிக்கொள்வதாலேயே இத்துணிவு இயன்றது.

வழிபாடும் பாதுகாப்பும்

இங்குள்ள சொர்ண ஆகர்ஷண பைரவர் சன்னதியில் தேய்பிறை அட்டமி நாட்களில் பெருங்கூட்டம் கூடுகின்றது. சிற்பங்களை நின்று பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

வழிபாடு தொடரும் கோயில்களில் தூண் சிற்பங்களும் வழிபடப்படுவதால், எண்ணெயும் கற்பூரப் புகையும் அவற்றின்மீது படிவது இயல்பு. இப்படிவை நீக்குவதாகக் கருதித் தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது மணல் வீச்சு முறை கையாளப்பட்டது. அழுத்தத்துடன் வீசப்படும் மணல் அழுக்குடன் கல்லின் மேற்பரப்பையும் அரித்துவிடும். கல்வெட்டு எழுத்துகளும், அணிகலன்களின் நுண்ணிய கோடுகளும், உளியின் தடங்களும் முதலில் மறைவன. பின்னர் இம்முறைக்குத் தடை விதிக்கப்பட்டது. தூண் உருவங்களின் காலத்தை ஒப்பிட்டு அறிய இத்தகைய நுண்கோடுகளே பெரிதும் துணைபுரிகின்றன.