சுவரோடு பிறந்த இருக்கை

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில் வட்டமாக ஒரு கோபுரம். இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தரையே சுருண்டு சுருண்டு மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. நடக்கிற பாதைதான் சரிவு. உட்காருகிற இடம் ஒவ்வொன்றும் மட்டமாக இருப்பதால் காபி தளும்பாது. இழுத்துப் போட நாற்காலி இல்லை. அவ்வளவு நெருக்கடியான இடத்திலும் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் தட்டோடு தடையில்லாமல் ஏறி இறங்குகிறார்கள். சுவரில் வரிசையாக விட்ட துளைகள் வழியே காற்று வருகிறது.

பாலக்காட்டில் ஆர்க்கிடெக்சர் படிக்கிற எனக்கு, பேர்பெற்ற நாற்காலிகள் மேலும் வழக்கத்துக்கு மாறான வீடுகள் மேலும் தீராத ஆசை. இரண்டும் ஒன்றாகிவிட்ட இடம் இது.

கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு இந்தியாவையே சொந்த ஊராக்கிக்கொண்டார். மனைவி எலிசபெத் மருத்துவர். இமயமலையில் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1960-களில் எங்கள் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணுக்கு இருவரும் வந்தார்கள். பிறகுதான் திருவனந்தபுரம். 2007-ல் அங்கேயே காலமானார்.

அவர் வீடுகளைப் பார்த்து விசித்திரம் என்பவர்கள் அந்தச் சுவரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார். நடுவே பொந்து விழும். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். பொந்தில் நிற்கிற காற்று வெயிலையும் குளிரையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பாரம் தாங்காத இடங்களில் பழைய மங்களூர் ஓட்டைப் பதிப்பார். சிமென்ட் குறையும். குறுக்கே மரம் நின்றால் வளைவது சுவர்தான், மரம் தப்பித்துவிடும். எல்லாமே கணக்குப் பார்த்துச் செய்தவை. வீம்புக்குச் செய்தது ஒன்றும் கிடையாது.

நாற்காலியிலும் இதே கணக்குதான். சண்டிகர் நகரம் எழும்பியபோது, நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ழான்னரே அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு நாற்காலி உலகப் புகழ் பெற்றது. கால்கள் விரித்து நிறுத்திய கவராயம் போல இருக்கும். முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்புப் பின்னல். வியர்க்கிற ஊரில் காற்றுப் போக அதைவிட வழி உண்டா? பின்னாளில் உடைசலென்று குவித்துப் போட்ட அந்த நாற்காலிகளை வியாபாரிகள் வாங்கிப்போய்ச் செப்பனிட்டார்கள். வெளிநாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கில் விலைபோயின. அவற்றில் உட்கார்ந்து கோப்பு பார்த்த குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் வளர்ந்தது மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒடுங்கிய வாசல். அடுத்த வீடும் அச்சு அசலாக அதேதான். மேட்டு பங்களா வராந்தாவில் மட்டும் நீளக் கைப்பிடி வைத்த பிரம்புச் சாய்வு நாற்காலி கிடக்கும். தோட்டம் சுற்றி வந்த துரைமார் கைப்பிடி மேல் காலை நீட்டிக்கொள்ளவென்றே செய்தது. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து எடுத்த கால்களுக்கு அப்படி ஒன்றை யாரும் யோசித்ததில்லை.

இறுதியாண்டு பிராஜெக்டுக்கு லயத்தையே எடுத்திருக்கிறேன். சுவர்கள் எலிப்பொறிக் கட்டு. ஜனவரியில் உறைபனி விழுகிற ஊருக்கு அது வேண்டும். அடுப்புச் சுவரின் மறுபக்கம், வாசலை ஒட்டி, 18 அங்குல உயரத்தில் கட்டிய இருக்கை. வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"ஒக்காந்து பூட்ஸ கழட்டலாம், சரி. நனைஞ்ச கோட்ட எங்க மாட்டுறது?" என்றார்.

இருக்கைக்கு மேலே ஒரு கொடிக்கம்பி வரைந்துகொண்டிருக்கிறேன்.