வலியை நம்பாத வீடு



உடம்பு முழுக்க வலி. எவ்வளவு உறங்கினாலும் விடியும்போது அடித்துப் போட்டது போன்ற அசதி. சுஜூதிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. "வேலைக்குச் சாட்டுச் சொல்கிறாள்" என்கிறார் மாமி. கணவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இத்தகைய பெண்களுள் சிலருக்கு இருப்பது பைப்ரோமயல்ஜியா என்ற நோயாகும். ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. மூட்டு வீங்குவதில்லை, எலும்பு தேய்வதில்லை. நரம்பு மண்டலம் வலியை அளவுக்கு மிஞ்சி உணர்வதாக வைத்தியர்கள் விளக்குகின்றனர். ஆகவே எக்ஸ்ரேயில் தெரியாததனால் வலி பொய்யாகிவிடாது.

மாத்திரையால் மட்டும் இது தீர்வதில்லை. உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், உளவளத்துணை, வேலைகளை அளவோடு செய்யும் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதே கூட்டுச் சிகிச்சை. ஆனால், எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவில் டென்னிஸ் டேர்க்கும் அவரது சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைப் பார்த்தது. நோயாளிகளை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தனர். வலியாலும் கவலையாலும் வாழ்க்கையே முடங்கிப்போனவர்கள் ஒரு வகை. நோயோடு ஓரளவு சமாளித்து வாழ்பவர்கள் இன்னொரு வகை. குடும்பத்தாரின் ஆதரவு தமக்கில்லை, கடிந்துகொள்கிறார்கள் என்று உணர்பவர்கள் மூன்றாம் வகை. அதிக முன்னேற்றம் கண்டவர்கள் யார் தெரியுமா? முடங்கிப்போனவர்களே! சமாளிப்பவர்களிடம் கவலையிலும் முடக்கத்திலும் பெரிய மாற்றமில்லை, அவற்றில் அவர்களுக்கு ஏற்கெனவே பாதிப்புக் குறைவு. மூன்றாம் வகையினருக்கோ சிகிச்சை அதிகம் பலனளிக்கவில்லை.

எனவே, "எனக்கு முற்றிவிட்டது, இனி எதற்கு?" என்று எந்தச் சகோதரியும் ஒதுங்க வேண்டியதில்லை. மனச்சோர்வு கூடியவர்களுக்குப் பலன் குறைவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அது இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, அதற்கும் சேர்த்துச் சிகிச்சை பெறுங்கள். வேறு காரணங்களுக்கான ஆதாரம் இன்னும் பலவீனமானதே. ஒருவரை வாசலில் பார்த்து, "உமக்குச் சரிவராது" என்று திருப்பியனுப்பும் அளவுக்கு இந்த அறிவு வளரவில்லை.

வீட்டார் விடயத்துக்கு வருவோம். "சபூராக இரு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம். சபூர் நோயாளிக்கு மட்டுமா கடமை? கிளினிக்குக்குப் போகும்போது முடிந்தால் கணவரையோ மாமியையோ கூட்டிச் செல்லுங்கள். உங்கள் வாயால் நூறு தரம் கேட்டும் நம்பாதவர், வைத்தியர் ஒரு தரம் சொன்னால் நம்பக்கூடும்.

ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாக வலியுறுத்தியது உடற்பயிற்சி ஒன்றையே. நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஆரம்ப வாரங்களில் வலி சற்றுக் கூடலாம், அதற்காக அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் நடந்து வரும் அந்த நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் யார் பார்ப்பது என்பதை இன்றிரவே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.